இறவாரத்து ஜல்லியும் மூன்று பூனைகளும்: கோத்தகிரி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சென்ற ஐப்பசியில் மழை பிடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவில் இருக்கும் ஒரு வீட்டிலிருந்து போன். "அண்ணா, பின்பக்கக் கதவைத் திறக்கவே முடியவில்லை, அவ்வளவு வாடை. பூனைகளைச் சாக்கில் பிடித்துப் போட்டு எஸ்டேட் பக்கம் எங்காவது விட்டுவிடலாமா என்று இவர் கேட்கிறார். நீங்கள் ஒருமுறை வந்து பார்க்கிறீர்களா?"

அந்த அம்மாவின் மகள் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவசரத்துக்குக் காரணம் அதுதான். பூனை மலத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாட்டுக்கு ஊசி, கோழிக்குத் தடுப்பு மருந்து என்றே காலம் போனது. பூனைக்காக யாரும் அழைப்பது அபூர்வம். ஆனால் இந்தப் புகாரை மலையில் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். வீட்டைச் சுற்றி ஜல்லி கொட்டியிருப்பார்கள், பூனை அதில் மலம் கழிக்கும், வீட்டுக்காரர்கள் கையில் கிடைத்ததை எல்லாம் தெளித்து விரட்டப் பார்ப்பார்கள். இந்த ஒரு வீட்டில் ஐப்பசி முதல் ஆடி வரை கூடவே இருந்து பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதனால் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

வீடும் பூனைகளும்

சரிவை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய கிழக்குப் பார்த்த வீடு. முன்பக்கம் ஓடு, பின்பக்கம் தகரம். பின்னால் ஆறடி உயரத் தடுப்புச் சுவர், அதற்கு மேலே தேயிலை. சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற சந்து.

கூரையிலிருந்து விழும் தண்ணீர் செம்மண்ணைத் தெறிக்க வைத்துச் சுவரையெல்லாம் சிவப்பாக்கிவிடும். அதனால் மலை வீடுகளில் இறவாரத்தை, அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பை, ஒட்டிக் கீழே ஜல்லி போடுவது வழக்கம். மண் தெறிக்காது, அரிக்காது, அஸ்திவாரத்துப் பக்கம் தண்ணீர் தேங்காமல் இறங்கிப் போகும். நல்ல ஏற்பாடுதான். இந்த வீட்டில் இரண்டு வருடத்துக்கு முன்பு பூச்சு வேலை நடந்தபோது மிச்சமான கால் அங்குலச் சிப்ஸையும் (பொடி ஜல்லி) எம்-சாண்டையும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கலந்து சுற்றிலும் மூன்றடி அகலத்துக்குக் கொட்டிவிட்டார்கள். பார்க்க நன்றாக இருந்தது. கால் வைத்தால் மெத்தென்று இருந்தது. பிரச்சினையின் வேர் இந்த மெத்தென்ற தரைதான், ஆனால் அது எனக்கே நாலைந்து நாள் கழித்துத்தான் விளங்கியது.

பூனைகள் மூன்று. எலித் தொல்லைக்காக வந்து வீட்டோடு தங்கிவிட்ட இரண்டு வயதுப் பெட்டை ஒன்று. அந்த வருடச் சித்திரையில் அது போட்ட குட்டிகளில் வீட்டிலேயே நின்றுவிட்ட ஆண் குட்டி ஒன்று. மேலே இருக்கும் லைன் வீடுகளிலிருந்து (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) இரவில் வந்து போகும் பெரிய கடுவன், அதாவது ஆண் பூனை, ஒன்று. எதற்கும் கருத்தடை செய்திருக்கவில்லை.

நான் போவதற்கு முன்பு செய்தவை

முதலில் சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாட்டில்களைச் சுவரோரம் வரிசையாக வைத்திருக்கிறார்கள். நாய்க்காக ஊரெல்லாம் வாசலில் வைப்பார்களே, அதுதான். அதனால் நாய்க்கும் பயன் இல்லை, பூனைக்கும் இல்லை. பிறகு மிளகாய்த்தூள். ஒரே சாரலில் ஊறிப்போனது. மிளகாய்த்தூள் பூனையின் கண்ணிலும் பாதத்திலும் பட்டு எரியும், நக்கினால் வாயும் எரியும். அந்தத் துன்பத்தைக் கொடுத்தாவது விரட்டலாம் என்று நினைப்பதே சரியில்லை என்பது என் கருத்து. அப்புறம் அந்துருண்டை, கருப்பு பினாயில்.

கடைசியாகத் தைலம். இங்கே கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விறகுக்காகக் கொண்டுவந்து நட்டது. அதன் இலையைக் காய்ச்சி எடுக்கும் நீலகிரித் தைலம் இல்லாத வீடு மலையில் இல்லை. சளிக்கு, தலைவலிக்கு, மூட்டு வலிக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். வாடை பலமாக இருப்பதால் பூனை ஓடிவிடும் என்று ஒரு பாட்டிலை அப்படியே ஜல்லியில் ஊற்றியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை குட்டிக் கடுவன் வாயில் எச்சில் ஒழுக, பின்னங்கால் தள்ளாட, விறகுக் கொட்டகையில் கிடந்தது. ஜல்லியில் நடந்து, பாதத்தை நக்கியிருக்கிறது. பூனை தன் உடம்பை நாவாலேயே சுத்தம் செய்யும் பிராணி. காலில் என்ன பட்டாலும் அது வயிற்றுக்குப் போய்விடும். தவிர, சில வகை வேதிப்பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பினாயிலில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களும் யூகலிப்டஸ் தைலமும் நமக்குச் சாதாரணம், பூனைக்கு நஞ்சு. அந்துருண்டையும் அப்படியே. காப்பித்தூள் சக்கையைக் கொட்டச் சொல்பவர்களும் உண்டு. அதில் இருக்கும் காஃபீனும் பூனைக்கு ஆகாது.

குட்டியைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பாதங்களைச் சோப்பு நீரில் கழுவி, சலைன் ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். எனக்கு போன் வந்தது அதற்கு அடுத்த நாள். இதில் நான் அந்த வீட்டாரைக் குறை சொல்லவே மாட்டேன். தைலம் பூனைக்கு விஷம் என்று அவர்களுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. மலை முழுக்கச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

யார் செய்வது என்று பார்த்தது

போனதும் முதலில் செய்தது எண்ணியதுதான். எல்லாவற்றையும் பூனை தலையில் போடுவதற்கு முன்பு எது யாருடையது என்று தெரிய வேண்டும். அடுப்புச் சாம்பலைச் சலித்து, ஜல்லியின் மேலும் தடுப்புச் சுவரின் மேலும் மாலையில் மெல்லிசாகத் தூவினோம். மூன்று காலை தொடர்ந்து பார்த்தோம்.

பின்பக்க ஜல்லியில் விழுந்த தடம் நான்கு விரல், நகம் பதியாத வட்டத் தடம். பூனை. மலம் புதைந்திருந்தது, அல்லது புதைக்கப் பார்த்து மேலே சிப்ஸ் குவித்திருந்தது. ஆனால் தடுப்புச் சுவரின் மேல் வெட்டவெளியில் மூடாமல் கிடந்த குவியல் வேறு. அதில் கொய்யா விதையும் பேரிக்காய்த் தோலும் இருந்தன. சாம்பலில் ஐந்து விரல், நகத்தோடு. அது மரநாய். பழம் தின்னும், சுவர், பாறை, படிக்கட்டு என்று உயரமாகப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மலம் கழிக்கும், மூடாது. அதற்குச் செய்ய வேண்டியது உதிர்ந்த பழத்தைச் சாயங்காலமே பொறுக்குவதுதான். அந்த வீட்டுப் பூனைகள் அதுவரை மரநாயின் பழியையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தன.

இன்னொன்றும் பார்த்தோம். சமையலறை மூலையில் சுவரில் முழங்கால் உயரத்தில் ஈரக் கறை. அது குத்தவைத்து இருந்தது அல்ல, நின்றபடி வாலை நடுக்கிப் பீய்ச்சியது. பெரிய கடுவனின் எல்லை அடையாளம். ஜல்லியில் போவதற்குக் காரணம் வேறு, சுவரில் பீய்ச்சுவதற்குக் காரணம் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் எந்த வைத்தியமும் பலிக்காது.

காய்ந்த இடம்

நான்காவது நாள் ஒரு தாளில் வீட்டை வரைந்து, மலம் கிடந்த இடத்துக்கெல்லாம் புள்ளி வைத்தேன். புள்ளி 14. அத்தனையும் மேற்கே, பின்பக்க இறவாரத்துக்குக் கீழே. வடக்கு, தெற்கு, கிழக்கு மூன்று பக்கமும் அதே சிப்ஸ், அதே மணல். அங்கே ஒன்றுகூட இல்லை.

குனிந்து கையை விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. வாசல் பக்கத்து ஜல்லி நீரில் ஊறிக் கிடந்தது. பின்பக்க ஜல்லி சட்டியில் வறுத்தது போல உலர்ந்திருந்தது. நீலகிரியில் கூடலூர், நடுவட்டம் பக்கம் ஆனி ஆடியில் கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் பெருமழை, கொண்டல் காற்றோடு கிழக்கிலிருந்து சாரல் அடிக்கும். இந்த வீட்டின் பின்பக்கம் மேற்கு. தகரம் இரண்டரை அடி வெளியே நீண்டிருக்கிறது, எதிரே தடுப்புச் சுவர் மறைக்கிறது. தகரத்துக்கு அடியில் சாரல் ஒரு துளி விழாது.

பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. நுண்ணிய, உலர்ந்த, தோண்டினால் தோண்ட வருகிற மண்ணைத் தேடிப் போய், குழி பறித்து, மலம் கழித்து, மூடிவிட்டு வருவது அதன் இயல்பு. ஐப்பசி மழையில் மலையில் அப்படி ஒரு மண் எங்கே இருக்கிறது? தோட்டம் முழுக்கச் சேறு. தேயிலைக்கு அடியில் சில்வர் ஓக் சருகு ஊறிக் கிடக்கிறது. ஈரச் செம்மண் பாதத்தில் அப்பிக்கொள்ளும். அந்த முழுச் சரிவிலும் பூனைக்குத் தகுந்த காய்ந்த மணல் இந்த இறவாரத்துக்குக் கீழே 22 அடி நீளத்துக்கு மட்டும்தான் இருந்தது. தெரியாமலேயே நாம் அதற்கு ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்துகிறதே என்று கோபப்படுகிறோம்.

இது புரிந்ததும் செய்ய வேண்டியதும் தெளிவாகிவிட்டது. இந்த இடத்தைப் பூனை தோண்ட முடியாததாக்க வேண்டும். அதே நாளில், அதே மாதிரி காய்ந்த வேறு இடத்தைக் கொடுக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால் தொல்லை பக்கத்து வீட்டுக்கு நகரும், அவ்வளவுதான்.

கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சொன்னது

வேலை தொடங்குவதற்கு முன் மகளோடும் அம்மாவோடும் உட்கார்ந்து பேசினேன். பயத்தில் எடுக்கிற முடிவு பிராணிக்கும் நல்லதல்ல, மனிதருக்கும் நல்லதல்ல.

டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை மலத்தில் வெளியேறும் என்பது உண்மை. கர்ப்ப காலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு பூனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறைதான், முதல் தொற்று வந்த ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான், அதை வெளியேற்றும். வெளியேறிய உடனே தொற்றாது, அது முதிர 1 முதல் 5 நாள் ஆகும். அதனால் தினமும் அள்ளி அகற்றினாலே ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அள்ளாமல் விட்டால் ஈரமும் குளிரும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் மலை மண் அப்படிப்பட்ட மண்தான்.

பூனையை மடியில் வைத்தால் வந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. சரியாக வேகாத இறைச்சியும் மண்ணோடு சாப்பிடும் காய்கறியும்தான் முக்கியமான வழிகள். "கேரட் தோட்டத்தில் பிடுங்கி, மண்ணைத் தட்டிவிட்டு அப்படியே கடிப்பாயே, பிள்ளை பிறக்கும் வரை அதை விட்டுவிடும்மா. நன்றாகக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடு" என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாளாம். மலம் அள்ளுவது, ஜல்லியைக் கிளறுவது, தோட்டத்தில் கையுறை இல்லாமல் மண்ணைத் தொடுவது மூன்றையும் அவள் செய்யக் கூடாது என்று முடிவானது. இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்பதை அவளைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்கச் சொன்னேன், கேட்டார்கள்.

பூனையைக் கொண்டுபோய் விடுவது பற்றி வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசினேன். பட்டினியில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது ஒரு பக்கம். காய்ந்த மணல் அங்கேயே இருக்கும்போது, இந்தப் பூனைகள் போனால் லைன் வீட்டிலிருந்து வேறு பூனை அந்த இடத்துக்கு வரும். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி சார், என்ன செய்யணும் சொல்லுங்க" என்றார்.

ஜல்லி மாற்றியது

மேஸ்திரி வந்து பார்த்ததும் கான்கிரீட் போட்டு மூடிவிடலாம் என்றார். ஒரே நாளில் வேலை முடியும், பூனை தோண்டாது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருந்து ஊறி வரும் நீரும் கூரை நீரும் இறங்குவது அந்த ஜல்லி வழியாகத்தான். அதை மூடினால் தண்ணீர் ஒரு பக்கமாகத் திரண்டு கீழே இருக்கும் மண்ணை அறுக்கும். 2009 நவம்பரில் இந்த மாவட்டம் மண்சரிவில் பட்டபாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான். பூனை மலத்துக்குப் பயந்து சரிவில் தண்ணீர் போகும் வழியை யாரும் அடைக்க வேண்டாம் என்று இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஜல்லியின் அளவை மாற்றினாலே போதும். கால் அங்குலச் சிப்ஸைப் பூனை மணல் போலத் தள்ளிவிடும். முக்கால் ஜல்லியையும் மெனக்கெட்டால் கொஞ்சம் விலக்கும். ஒன்றரை ஜல்லி, அதாவது 40 மில்லிமீட்டர் உடைகல், ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அசையாது. உருண்டைக் கூழாங்கல் வேண்டாம் என்றேன், அது உருண்டு இடம் கொடுக்கும்.

நாங்கள் செய்தது இது. பழைய சிப்ஸும் மணலும் மேலிருந்து ஐந்து அங்குலம் வரை அள்ளி எடுத்தோம். முக்கால் அங்குலக் கண் உள்ள கோழி வலையைத் துத்தநாகப் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்கி, 22 அடிக்கும் விரித்தோம். இரண்டு துண்டு சேரும் இடத்தில் நான்கு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, ஓரங்களைக் கீழ்ப்பக்கம் மடித்து, 6 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து அடித்து நிறுத்தினோம். ஓரம் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பூனைக்கும் ஆபத்து, வெறுங்காலோடு நடக்கும் மனிதருக்கும் ஆபத்து. அதன் மேல் நான்கு அங்குல கனத்துக்கு ஒன்றரை ஜல்லி. 22 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குல கனம் என்றால் 22 கன அடி. கால் யூனிட் (25 கன அடி) வாங்கியதில் கொஞ்சம் மிச்சமானது. நடப்பதற்கு நடுவில் நாலைந்து சிலாப் கல் போட்டோம். இரண்டு ஆள், ஒன்றரை நாள் வேலை.

கல் போடுவதற்கு முன்பு சுத்தம் செய்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பூனை மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமிலப் படிகம் தண்ணீரில் எளிதில் கரையாது. காய்ந்தபோது வாடை அடங்கினாற்போல இருக்கும், பனிமூட்டம் இறங்கி ஈரம் ஏறியதும் மறுபடி கிளம்பும். "மழை இல்லாத நாளிலும் பனி விழுந்தால் நாறுகிறது" என்று அந்த அம்மா சொன்னதற்கு இதுதான் காரணம். பூனை தன் பழைய வாடையைத் தேடித்தான் திரும்பி வரும். ஆகவே ஊறிய மணலை மொத்தமாக அகற்றினோம். சுவரின் அடியையும் தரையையும் கொதிக்கும் நீர் ஊற்றித் தேய்த்து, என்சைம் கலந்த சலவைத்தூள் கரைசலை ஊற்றி ஊறவிட்டு, அலசினோம். அந்த ஒட்டுண்ணியின் முட்டைக்கும் கொதிநீர்தான் சரியான மருந்து, சாதாரணக் கிருமிநாசினி அதை அழிக்காது. பிளீச்சிங் பவுடரை மூத்திரம் ஊறிய இடத்தில் போடவே கூடாது. மூத்திரத்து அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். மூடிய சந்தில் அது ரொம்ப ஆபத்து.

புதிய இடம்

விறகுக் கொட்டகையில் விறகு குறைந்திருந்த மூலையைத் தேர்ந்தெடுத்தோம். மேலே தகரம் இருக்கிறது, மூன்று பக்கம் மறைவு, நாய்க் கூண்டிலிருந்து தூரம். ஹாலோ பிளாக் ஒரு வரிசை அடுக்கி, நான்கடிக்கு மூன்றடியில் ஒரு தொட்டி, நடுவே தடுத்து இரண்டாக்கி, அடியில் தார்ப்பாய். ஐந்து அங்குலம் உலர்ந்த எம்-சாண்ட் நிரப்பினோம். பழைய ஜல்லியிலிருந்து ஒரு கூடை மட்டும் எடுத்து வைத்திருந்ததை அதன் மேலே தூவினோம். பூனைக்கு அந்த வாடை தெரியும். எந்த மணலைத் தேடி மழையில் ஓடி வந்ததோ அதையே அதற்குக் கொடுத்தோம்.

வீட்டுக்குள் சாமான் அறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் வைத்தோம். பூனைக்கு ஒன்று, உபரியாக ஒன்று என்பது தொட்டிக் கணக்கு. வீட்டுப் பூனை இரண்டுக்கு மூன்று இடம் ஆனது. இரவில் இரண்டையும் உள்ளே அடைத்தார்கள். கோத்தகிரியில் இருட்டிய பிறகு சிறுத்தை நடமாட்டம் புதிதல்ல, வீட்டு நாயும் பூனையும் அதற்கு எளிய இரை. பூனைக்கும் நல்லது, ஜல்லிக்கும் நல்லது. எனக்குத் தெரிந்து இந்த ஒரு பழக்கமே பாதித் தொல்லையைக் குறைத்தது.

தினமும் காலையில் வீட்டுக்காரர் கையுறை போட்டு அள்ளுவார். வாரம் ஒருமுறை மணல் மாற்றுவார். அள்ளியதைக் காய்கறித் தோட்டத்து எருக்குழியில் போடவில்லை. ஓடைக்கும் ஊற்றுக்கும் எட்டாத இடத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார். மலையில் மேல்வீட்டுக் கழிவு கீழ்வீட்டுக் குடிநீராகிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

கார்த்திகை நடுவில் எண்ணியபோது பின்பக்க ஜல்லியில் புதிதாக ஒன்றும் இல்லை. கல்லின் மேல் ஒருமுறை கால் வைத்துக் கிளறிப் பார்த்த தடம் மட்டும் இருந்தது. தொட்டியில் பெட்டை இரண்டாம் நாளே போனது. குட்டிக்கு ஒரு வாரம் ஆனது.

சரிப்படாதவை

எல்லாம் ஒரே வீச்சில் சரியாகவில்லை. இரண்டு பூனையும் அடங்கிய பிறகு பெரிய கடுவன், ஜல்லியில் இடம் இல்லாமல், பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கும் பாட்டியின் பூண்டுப் பாத்தியில் போகத் தொடங்கியது. புதிதாகக் கொத்திய மண், மேலே பிளாஸ்டிக் தாள் பந்தல், உலர்ந்த இடம். நான் முன்பு சொன்னது அப்படியே நடந்தது. பாட்டி கோபமாக வந்தார். "மருந்து வெச்சிருவேன்" என்றார். அவர் மனசில் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் உட்கார வைத்துச் சொன்னேன். "அம்மா, அந்த மருந்தைப் பூனை மட்டும் தின்னாது. உங்கள் நாய் தின்னும், செத்த பூனையைக் காக்கா கொத்தும். போலீஸ் கேஸும் ஆகும்." விலங்கை விஷம் வைத்துக் கொல்வது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் வருகிறது, ஐந்து வருடம் வரை சிறை. பிறகு அவர் பாத்திக்கு வேலை செய்தோம். கவாத்து செய்த ரோஜாக் குச்சிகளையும் பைன் காய்களையும் பூண்டு வரிசைகளுக்கு நடுவே நெருக்கமாகப் பரப்பினோம். பைன் காய் காலில் உறுத்தும், காயப்படுத்தாது. பாத்தியில் அது நன்றாக வேலை செய்தது. ஜல்லி நடைபாதைக்கு அது சரிப்படாது, மனிதர் காலிலும் அகப்படும்.

ஆரஞ்சுத் தோல் பரப்பியது வெயில் நாளில் இரண்டு நாள் தாங்கியது. மழையில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ரோஸ்மேரி நட்டது செடியாக நன்றாக வந்திருக்கிறது. பூனை அதைச் சுற்றிக்கொண்டு போகிறது, அவ்வளவே. நடமாட்டம் கண்டால் ஒலி எழுப்பும் கருவி ஒன்றை மருமகன் வாங்கி வந்தார். முதல் வாரம் கடுவன் தயங்கியது, மூன்றாவது வாரம் பழகிவிட்டது. தண்ணீர் பீய்ச்சும் கருவி பற்றியும் கேட்டார். பூனை உண்மையில் அஞ்சுவது அதற்குத்தான், ஆனால் கோடையில் குடிநீருக்கே காத்திருக்கும் ஊரில் அதை நான் சொல்ல மாட்டேன்.

கடுவனுக்குத் தீர்வு கருத்தடைதான். வீட்டுப் பெட்டைக்கும் குட்டிக்கும் கார்த்திகையிலேயே செய்துவிட்டோம். நல்லவேளையாகப் பெட்டை அப்போது சினையாக இல்லை. பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைக்கு வரும், 63 முதல் 65 நாளில் குட்டி போடும். தள்ளிப்போட்டிருந்தால் தை மாதம் தொட்டிக் கணக்கு ஏழாகியிருக்கும். கடுவனைப் பிடிக்கக் கருவாடு வைத்த கூண்டோடு ஐந்து இரவு காத்திருந்தோம். லைன் வீட்டில் அதற்குச் சோறு வைக்கும் அக்காவிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தேன். கருத்தடை செய்து, அடையாளத்துக்கு இடது காது நுனியைச் சிறிது வெட்டி, காயம் ஆறியதும் அதே இடத்தில் விட்டோம். கருத்தடை செய்த கடுவன்களில் பத்துக்கு ஒன்பது பீய்ச்சுவதை நிறுத்தும் அல்லது வெகுவாகக் குறைக்கும். இதுவும் மாசி கடைசியில் நிறுத்தியது. உடம்பிலிருந்து ஹார்மோன் வடிய சில வாரம் ஆகும் என்பதால் அதுவரை அந்த மூலையை என்சைம் தூள் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கு நடுவில், மார்கழிக் குளிரில், பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

ஆனியில் மறுபடி

வேலை முடிந்தது என்று நானும் நினைத்துவிட்டேன். ஆனி இரண்டாவது வாரம் போன். "அண்ணா, இப்போது வாசல் பக்கம்."

போய்ப் பார்த்தேன். மேல்காற்று பலமாக அடித்து, மழை மேற்கிலிருந்து சாய்ந்துகொண்டிருந்தது. தடுப்புச் சுவரையும் தாண்டிப் பின்பக்கம் நனைந்திருந்தது. விறகுக் கொட்டகையின் திறந்த பக்கம் மேற்கே பார்த்தது, தொட்டி மணல் கூழாகிக் கிடந்தது. அது என் பிழை. ஐப்பசிச் சாரலை மட்டும் நினைத்து இடம் பார்த்தேன், ஆனிக் காற்றை நினைக்கவில்லை. இப்போது வீட்டில் காய்ந்த ஒரே மணல், நாங்கள் மாற்றாமல் விட்ட கிழக்கு இறவாரத்துச் சிப்ஸ். பூனை சரியாக அங்கே போயிருக்கிறது. குழந்தையைக் காலை வெயிலில் கிடத்தும் திண்ணைக்குப் பக்கத்தில்.

கொட்டகையின் மேற்கு வாயில் தார்ப்பாய்த் திரை தொங்கவிட்டு, கீழே பூனை நுழைய ஓரடி இடைவெளி விட்டோம். மணலை முழுதாக மாற்றினோம். வாசல் பக்கம் கல் மாற்றும் வரை, பூனைக்குப் பகல் சாப்பாட்டை அந்த ஜல்லியின் மேலேயே வைக்கச் சொன்னேன். சாப்பிடும் இடத்தில் பூனை மலம் கழிக்காது. தட்டைச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்த வாடைக்குக் கரடி வரும். பத்து நாளில் மிச்சமிருந்த ஒன்றரை ஜல்லியோடு இன்னும் கொஞ்சம் வாங்கி, கிழக்குப் பக்கமும் வலை விரித்து முடித்தோம்.

ஆடி கடைசியில் போனபோது சாம்பல் தூவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சுத்தம். பின்பக்கம் வடமேற்கு மூலையில், கூரை நீர் நேரடியாக விழும் இடத்தில், கோழி வலை துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்பு அந்த மூன்றடித் துண்டை மட்டும் கல்லை விலக்கி மாற்ற வேண்டும். மேஸ்திரியிடம் புரட்டாசி முதல் வாரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.